மருந்தே அடிக்க வேண்டாத உருளை விதை: வாங்கலாமா?

கேத்தி பக்கம் இரண்டு ஏக்கரில் உருளையும் கேரட்டும் போடும் வாசகர் ஒருவரின் கேள்வி: “மேட்டுப்பாளையம் மண்டியில் பழக்கமான ஒருவர், மரபணு மாற்றிய உருளை விதை இருக்கிறது, இலைக் கருகல் நோய் வராது, மருந்தே அடிக்க வேண்டாம் என்கிறார். மூட்டைக்கு இரட்டை விலை. கடைபோகத்துக்கு வாங்கலாமா? அந்தக் கிழங்கைச் சாப்பிட்டால் உடம்புக்கு ஆகாது என்று வீட்டில் தகராறு. பாட்டி போடும் இன்சுலினே அப்படிச் செய்ததுதான் என்கிறாள் மகள். எது சரி?”

வாங்காதீர்கள். உங்கள் வீட்டார் பயப்படும் காரணத்துக்காக அல்ல, வேறு காரணத்துக்காக.

இந்தியாவில் விவசாயி சட்டப்படி விதைக்கக்கூடிய ஜி.எம். (மரபணு மாற்றிய) பயிர், 2002-இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி ஒன்றுதான்; காய்ப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா மரபணு ஏற்றிய பருத்தி அது. பி.டி. கத்தரிக்கு 2009 அக்டோபரில் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு பச்சைக்கொடி காட்டியும், 2010 பிப்ரவரியில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்தார். ஜி.எம். கடுகு உச்ச நீதிமன்றத்தில் நிற்கிறது. 2024 ஜூலையில் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு சொன்னார்கள். உருளை இந்த வரிசையிலேயே இல்லை. ஆகவே உங்களிடம் பேசியவர் சாதாரணக் கிழங்கைப் பெயர் மாற்றி விற்கிறார், அல்லது அனுமதியில்லாத சரக்கை விற்கிறார். முதலாவதுதான் நடந்திருக்கும் என்பது எங்கள் ஊகம். கிழங்கைப் பார்த்தோ வெட்டியோ ஜி.எம். என்று கண்டுபிடிக்க முடியாது, ஆய்வகத்தில் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைதான் வழி. அந்தத் தைரியத்தில்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது.

அவர் சொல்வதில் ஒரு துளி உண்மை உண்டு. மெக்சிகோவின் காட்டு உருளை ஒன்றில் கருகலைத் தாங்கும் ஆர்.பி. என்ற மரபணு இருக்கிறது. அதை அமெரிக்காவில் கட்டாடின் ரகத்தில் ஏற்றினார்கள். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் அந்தச் செடியை நம் குஃப்ரி ஜோதி ரகத்தோடு இனக்கலப்பு செய்து சோதித்தது. ஆய்வு என்ற அளவைத் தாண்டி அது வயலுக்கு வரவில்லை. வந்தாலும் ‘மருந்தே வேண்டாம்’ என்பது மிகைதான். அந்த மரபணு நோயின் வேகத்தைக் குறைக்கும், அடியோடு தடுக்காது. கருகல் பூசணமும் சும்மா இருக்காது. 1968-இல் வெளியானபோது நோயைத் தாங்கிய குஃப்ரி ஜோதி இன்று என்ன பாடுபடுகிறது என்று உங்களுக்கே தெரியும். ஒற்றை மரபணுவை நம்பிய பி.டி. பருத்தியையும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அப்படித்தான் வென்றது.

உங்கள் தோட்டத்துக்கு உண்மையான ஆபத்து மரபணுவில் இல்லை, அந்த மூட்டையில் கிழங்கோடு ஒட்டிவரும் மண்ணில் இருக்கிறது. உருளை வேரைத் தாக்கும் தங்க நூற்புழு இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதே 1961-இல் உதகையில். நீலகிரியில் தங்க நிறம், வெளிர் நிறம் என்று இதன் இரண்டு இனமும் உண்டு, கொடைக்கானல் மலையிலும் புழு இருக்கிறது. வடக்கத்தி மலை விதை சுத்தமானது என்றும் நம்பிவிடாதீர்கள். இமாச்சல், காஷ்மீர், உத்தராகண்டிலும் இதே புழு தெரியவந்து, 2018-இல் அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை போட்டார்கள். ஒரு முட்டைக்கூடு குண்டூசித் தலையைவிடச் சின்னது. உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும், உருளை இல்லாத மண்ணிலும் இருபது ஆண்டுக்கு மேல் உயிரோடு கிடக்கும். ஒரு முறை தோட்டத்துக்குள் வந்துவிட்டால் உங்கள் காலத்தில் முழுசாகப் போகாது.

உங்கள் மண்ணில் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நட்ட 55–60 நாளில், வயலில் திட்டாகக் குட்டையாகவும் மஞ்சளாகவும் நிற்கும் செடியைத் தேர்ந்தெடுங்கள். பிடித்து இழுத்தால் வேரிலுள்ள கூடுகள் மண்ணிலேயே உதிர்ந்துவிடும். மண்வெட்டியால் சுற்றிலும் கிளறி, மண்ணோடு தூக்கி, வாளித் தண்ணீரில் மெல்ல அலசி, பூதக்கண்ணாடியில் வேரைப் பாருங்கள். வெள்ளையாகவோ தங்க மஞ்சளாகவோ மணி மணியாக ஒட்டியிருந்தால் அதுதான். முற்றினால் பழுப்பாகிவிடும், அப்போது மண்துகளுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. பயிர் இல்லாத காலமென்றால் வயலில் இருபது இடத்தில் கைப்பிடி மண் எடுத்துக் கலந்து, நிழலில் நன்றாகக் காயவைத்து, தண்ணீரில் கொட்டிக் கலக்குங்கள். காய்ந்த கூடு மிதந்து வாளி ஓரத்தில் ஒதுங்கும். உறுதி செய்ய அந்த மண்ணிலேயே கொஞ்சம் முத்தோரையில் உள்ள உருளைக்கிழங்கு ஆராய்ச்சி மையத்தில் காட்டுங்கள்.

புழு இருந்தால் மருந்தைவிட ரகமும் பயிர்ச் சுழற்சியும்தான் கைகொடுக்கும். குஃப்ரி ஸ்வர்ணா 1985-இல் இந்த மலைக்கென்றே வந்த ரகம், இரண்டு இனப் புழுவையும் தாங்கும். அதன்பின் குஃப்ரி நீலிமா, குஃப்ரி சஹ்யாத்ரி வந்தன. இவை எல்லாமே வழக்கமான ஒட்டுக்கலப்பில் உருவானவை, ஜி.எம். அல்ல. தாங்கும் ரகத்தையே போகத்துக்குப் போகம் போட்டால் அதையும் மீறும் புழு பெருகும். அதனால் நடுவில் மூன்று, நான்கு ஆண்டு கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட், பூண்டு, பீன்ஸ் என்று மாற்றுங்கள். தக்காளியும் கத்தரியும் கூடாது, இரண்டிலும் இந்தப் புழு பெருகும்.

கேரட் என்றதும் இதையும் சொல்லிவிடலாம்: நீங்கள் அதிக விலை கொடுத்து வாங்கும் ஹைபிரிட் கேரட் விதை ஜி.எம். அல்ல. ஒட்டுவிதை வேறு, மரபணு மாற்றம் வேறு.

விதை வாங்கும்போது சாக்கில் அட்டை இருக்கிறதா பாருங்கள். சான்று விதைக்கு நீலம், சான்று விதையைப் பெருக்க உதவும் ஆதார விதைக்கு வெள்ளை. சான்று இல்லாமல் உற்பத்தியாளரே தரத்துக்குப் பொறுப்பேற்கும் உண்மை நிலை விதைக்கு வெளிர்பச்சை அட்டை. ரகப் பெயர், குவியல் எண், உற்பத்தியாளர் முகவரி மூன்றும் பில்லிலும் அட்டையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏக்கருக்கு 40–50 கிராம் கிழங்காக 1,200–1,400 கிலோ வேண்டியிருக்கும். இத்தனை பணம் போடும் இடத்தில் பில் இல்லாமல் வாங்குவது வீண் துணிச்சல்.

கிழங்கில் ஒட்டிவரும் புழுக்கூட்டை அழிக்க, முளைவிடாத கிழங்காக இருந்தால் 2 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் 30 நிமிடம் ஊறவைக்கலாம். கடையில் கிடைப்பது 4 சதவீதமென்றால் சமபங்கு தண்ணீர், 10 சதவீதமென்றால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். முதலில் மண் போகக் கழுவிவிடுங்கள். மண் இருந்தால் கரைசலின் வீரியம் மண்ணோடு போய்விடும், கிழங்குக்கு ஒன்றும் மிஞ்சாது. பிளாஸ்டிக் தொட்டி, கையுறை அவசியம். ஆசிட் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. முளைவிட்ட கிழங்கை ஊறவைத்தால் முளை கருகும். கழுவிய தண்ணீரை ஓடையிலோ வயலிலோ விடாமல், பயிர் வைக்காத இடத்தில் குழி வெட்டி ஊற்றுங்கள்.

கருகலுக்கு வருவோம். 10–20 டிகிரி குளிரும் நாள் முழுக்க மூடுபனியும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் வயலையே முடித்துவிடும். புள்ளி தெரிந்தபின் ஓடாதீர்கள். முதலில் மான்கோசெப் என்ற பூசணக்கொல்லி, லிட்டருக்கு 2 கிராம்; 16 லிட்டர் டேங்குக்கு 32 கிராம். வழக்கமாக 45, 60, 75-ஆம் நாள். மூடுபனி விடாமல் இருந்தால் முன்னதாகவே தொடங்கி 7–10 நாளுக்கு ஒரு முறை. புள்ளி வந்துவிட்டால் சைமாக்சனில்–மான்கோசெப் கலவை, லிட்டருக்கு 3 கிராம், அதாவது டேங்குக்கு 48. மெட்டலாக்சில் மருந்தை மட்டும் நம்பவேண்டாம், அதற்குப் பணியாத பூசண வகை தென்னிந்தியாவில் பரவியிருக்கிறது. பலருக்கு மருந்து வேலை செய்யாமல் போவது மருந்தின் குற்றமே அல்ல. ஏக்கருக்கு 200 முதல் 300 லிட்டர் தண்ணீர் போக வேண்டிய இடத்தில் ஐந்தாறு டேங்கோடு முடித்துவிடுகிறார்கள். இலையின் அடிப்பக்கம் நனைவதே இல்லை, வெள்ளைப் பூசணம் உட்கார்ந்திருப்பதோ அங்கேதான். மண்ணை உயரமாக அணைத்துவிடுங்கள். மழையில் வழியும் வித்துகள் கிழங்குக்குப் போகாமல் அதுதான் தடுக்கும். முக்கால்வாசி இலை போய்விட்டால் தழையை அறுத்து அப்புறப்படுத்துங்கள்.

இன்சுலின் விஷயத்தில் உங்கள் மகள் சொல்வது சரி. பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த காலம் போய், 1982 முதல் மனித இன்சுலின் மரபணுவை ஏற்றிய பாக்டீரியா அல்லது ஈஸ்ட்டில் தயாராகிறது. அந்த ஊசியில் பயமில்லை என்றால் கிழங்கிலும் பயமில்லை என்று முடிவுகட்ட வேண்டாம், ஒவ்வொரு பொருளையும் தனியாகச் சோதித்துத்தான் சொல்ல முடியும். அனுமதி பெற்றுச் சந்தையிலுள்ள ஜி.எம். உணவுகள் உடம்புக்குக் கெடுதல் செய்ய வாய்ப்பில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. அந்தச் சோதனை எதையும் பார்க்காத மண்டிச் சரக்குக்கு அது பொருந்தாது. வீட்டில் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. விதை யார் கையில் இருக்கும், விலை என்னாகும் என்பவை உடல்நலத்துக்கு அப்பாற்பட்ட நல்ல கேள்விகள். இயற்கை வேளாண் சான்று வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்றும் உண்டு: அந்த விதிகளில் ஜி.எம். விதைக்கு இடமே இல்லை.

அடுத்த ஆண்டு இதே ஆள் ‘மரபணு திருத்தியது, மாற்றியது அல்ல’ என்று வரக்கூடும். திருத்துவது என்றால் செடியின் சொந்த மரபணுவிலேயே மாற்றம் செய்வது. திருத்திய பயிர்களில் சில வகைகளுக்கு 2022-இல் விதி தளர்ந்தது உண்மை. 2025 மே மாதம் இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. அவை நெல், உருளை அல்ல.

மூட்டையை ஏற்கெனவே இறக்கிவிட்டிருந்தால் பிரிக்காமல், தரையில் மண் சிந்தாமல் தார்ப்பாயின் மேல் வைத்து, பில்லோடு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் சொல்லி விதை ஆய்வாளரை வரச் சொல்லுங்கள். நல்ல சான்று விதையே ஆனாலும் புது இடத்திலிருந்து வந்ததை முதல் போகம் எல்லா வயலிலும் போடாமல், தண்ணீர் வழிந்து வேறு வயலுக்குள் இறங்காத கீழ்ப்பாத்தியில் ஐந்து சென்ட் மட்டும் நடுங்கள். அங்கே வேலை செய்த மண்வெட்டியையும் பூட்ஸையும் அங்கேயே கழுவிவிட்டு, 55-ஆம் நாள் நாலைந்து செடியின் வேரைப் பாருங்கள்.