இன்னும் 2,500 பேர் இருந்திருந்தா காபூல் விழுந்திருக்காதா?

கேள்வி: ஆசிரியர் அய்யாவுக்கு, 20 வருஷம் ஆப்கானிஸ்தான்ல இருந்த அமெரிக்காக்காரன் ஒரு 2,500 பேரை மட்டும் விட்டு வச்சிருந்தா தாலிபான் காபூலுக்குள்ள வந்திருக்க முடியுமா? தென் கொரியாவுல 70 வருஷமா இருக்கான், அதை யாரும் கேக்கலையே? பொம்பளைப் பிள்ளைங்க படிப்பை நடுரோட்ல விட்டுட்டு ஓடினது துரோகம் இல்லையா? இந்தியாவாவது படை அனுப்பியிருக்கலாமே? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: துரோகம்னு சொன்னீங்க பாருங்க, அதுல எனக்கும் சம்மதம்தான், அதுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல அந்த 2,500 கணக்கை முடிச்சிடலாம், ஏன்னா இந்த விஷயத்துல எனக்கு வர்ற லெட்டர் எல்லாம் அதைப் பிடிச்சுத்தான் தொங்குது.

2021 செப்டம்பர்ல அமெரிக்க செனட் கமிட்டி முன்னாடி அந்த நாட்டு ராணுவத் தளபதிங்க ஜெனரல் மில்லியும் மெக்கன்சியும் உக்காந்து, 2,500 பேராவது இருக்கணும்ங்கறதுதான் எங்க அபிப்ராயம்னு சொன்னாங்க. சரி, கடைசியா அங்க மிச்சம் இருந்த அந்த 2,500 பேரை தாலிபான் ஏன் சுடாம விட்டு வச்சிருந்தான்? பயந்துபோயா? 2020 பிப்ரவரி 29 கத்தார்ல இருக்கற தோஹால அமெரிக்கத் தூதர் கலீல்சாதும் தாலிபான் தரப்புல முல்லா பராதரும் கையெழுத்துப் போட்டாங்க, அமெரிக்கா சொன்னது நாங்க 2021 மே 1க்குள்ள கிளம்பிடறோம், அதுவரைக்கும் எங்க ஆள் மேல கை வைக்காதேன்னு. அவனும் வைக்கலை. ஆப்கன் போலீஸ்காரனையும் சிப்பாயையும் தினம் தினம் கொன்னுக்கிட்டே அமெரிக்காக்காரனை மட்டும் விட்டு வச்சான். மே 1க்கு அப்புறமும் இருப்பேன்னு சொன்னா அந்த ஒப்பந்தம் காலி, சண்டை மறுபடி ஆரம்பம், அப்ப 2,500 பேர் அவங்க கேம்ப்பைக் காப்பாத்தவே பத்தாது, இன்னும் பத்தாயிரம் அனுப்புன்னுதான் ஃபோன் வரும். 2010, 11ல கிட்டத்தட்ட ஒரு லட்சம் அமெரிக்க சிப்பாய் அங்க இருந்தான் சார். அந்த ஒரு லட்சத்தால ஆகாததை 2,500 பேர் எப்படி முடிப்பான், அதை மட்டும் யாரும் எழுத மாட்டேங்கறீங்க.

கொரியா கதையை ரெண்டு வரியில முடிச்சுக்கறேன். அங்க இருக்கற 28,500 பேரை உள்ளூர்ல யாரும் ராத்திரி ரோட்டுல குண்டு புதைச்சு கொல்றதில்லை, அந்த நாட்டு அரசாங்கம் வரி வசூல் பண்ணுது, தன் ராணுவத்துக்குத் தானே சம்பளம் கொடுக்குது. ஆப்கானிஸ்தான்ல நிலைமை அப்படி இல்ல.

இப்ப லாரி விஷயத்துக்கு வாங்க, நிறைய பேருக்கு இது தெரியாது. ஆப்கானிஸ்தானுக்கு கடல் இல்ல. அதனால அமெரிக்கப் படைக்கு ரொம்ப வருஷம் தண்ணி பாட்டில்லேருந்து டீசல் வரைக்கும் பெரும்பகுதி சரக்கு கராச்சி துறைமுகத்துல இறங்கி, பாகிஸ்தானைக் குறுக்கா கடந்து, டோர்க்கம் இல்லேன்னா சமன்ங்கற எல்லை வாசல் வழியா உள்ள போக வேண்டியிருந்தது. சமனுக்குப் போற ரோடு குவெட்டா வழியாத்தான் போகுது, அந்த குவெட்டாலதான் தாலிபான் தலைவருங்க குடியிருந்தாங்க. நாட்டுக்குள்ள இருக்கற கேம்ப்புங்களுக்குக் கொண்டுபோக டிரக்கிங் கம்பெனிங்க கையில சரக்கு போகும், 216 கோடி டாலர் கான்ட்ராக்ட் அது, லாரிக்குப் பாதுகாப்பும் நீயே பாத்துக்கோன்னு அமெரிக்க ராணுவம் சொல்லிடுச்சு. கம்பெனிக்காரன் என்ன பண்ணுவான், அந்தந்த ரோட்டுக்குச் சொந்தம் கொண்டாடற தாதாகிட்ட காசைக் கொடுத்தான், தாதா அதுல ஒரு பங்கை தாலிபானுக்குத் தள்ளிவிட்டு லாரியை விடச் சொன்னான். இது நான் கட்டிவிட்ட கதை இல்ல, 2010 ஜூன்ல அமெரிக்க நாடாளுமன்றத்தோட துணைக் கமிட்டியே விசாரிச்சு, அந்தக் காசு தாலிபானுக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம்னு அறிக்கை போட்டது. 2011 நவம்பர்ல சலாலாங்கற இடத்துல அமெரிக்க விமானத் தாக்குதல்ல 24 பாகிஸ்தான் சிப்பாய் செத்தப்போ அந்த ரோட்டையே பாகிஸ்தான் ஏழு மாசம் மூடி வச்சிருச்சு. இப்ப சொல்லுங்க, எத்தனை படை அதிகமா போறானோ அத்தனை லாரி அதிகம், அத்தனை மாமூல் எதிரிக்கு, அத்தனை பிடி பாகிஸ்தான் கையில. இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தா ஜெயிச்சிருக்கலாம்ங்கற ஆளு இந்த லாரியைக் கொஞ்சம் எட்டிப் பாக்கணும்.

ரஷ்யாக்காரன் கதையும் இருக்கு. 1989 பிப்ரவரி 15 கடைசி சோவியத் படை பாலத்தைத் தாண்டிப் போச்சு, அவங்க ஆதரவுல இருந்த ஆப்கன் அதிபர் நஜிபுல்லா சில மாசம் கூட தாங்க மாட்டாருன்னு நிறைய பேர் நாள் குறிச்சாங்க. மனுஷன் 1992 ஏப்ரல் வரைக்கும் தாங்கினாரு, ஜலாலாபாத்தைப் பிடிக்க வந்த முஜாஹிதீன் கொரில்லாக்களை அடிச்சே விரட்டினாரு. மாஸ்கோலேருந்து பணமும் டீசலும் ஆயுதமும் வந்துக்கிட்டிருந்தது, அவ்வளவுதான், நின்னதும் ஆளும் போயிட்டாரு. 2021ல ஆப்கன் அதிபர் கனி அரசாங்கத்துக்கு என்ன ஆச்சு? ஆப்கன் பைலட்டுங்களுக்கு பல வருஷமா பழக்கமான ரஷ்ய ஹெலிகாப்டருக்குப் பதிலா பிளாக் ஹாக்ங்கற அமெரிக்க ஹெலிகாப்டரைக் கொடுத்தாங்க, அதை ரிப்பேர் பாக்கறது அமெரிக்கா கூட்டிட்டு வந்த கான்ட்ராக்ட் மெக்கானிக்குங்க, படை கிளம்பறப்போ அவங்களும் கிளம்பிட்டாங்க. காபூல் பக்கத்துல இருக்கற பாக்ராம் விமானத் தளத்தை ஜூலைல அமெரிக்காக்காரன் ராத்திரியோட ராத்திரியா காலி பண்ணினப்போ, பொறுப்பேத்துக்க வேண்டிய ஆப்கன் ஜெனரலே, எங்களுக்கு ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் தெரியும்னு ரிப்போர்ட்டர்கிட்ட சொன்னாரு. ஆகஸ்ட் 6 சராஞ்ச்ங்கற மாகாணத் தலைநகர் விழுந்தது, 15ஆம் தேதி காபூல்.

அடுத்தவன் உண்டாக்கின ராணுவம் அடுத்தவன் கிளம்பினதும் கரையறது நமக்குப் புதுசா என்ன? 1987 ஜூலைல அமைதிப்படைன்னு இலங்கைக்குப் போனோம், அக்டோபர்ல யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள நம்ம படை நடத்தின துப்பாக்கிச் சூட்டை அந்த ஊர் ஜனம் இன்னிக்கும் மறக்கலை, நம்ம பக்கம் கிட்டத்தட்ட 1,200 ஜவான் செத்தான், அங்க செத்த தமிழ் ஜனங்க கணக்கு தனி. கிளம்பற நேரத்துல தமிழ் தேசிய ராணுவம்னு ஒண்ணை அவசர அவசரமா பள்ளிக்கூடப் பையன்களைக் கூடப் பிடிச்சு நிக்க வச்சோம், 1990 மார்ச்ல நம்ம கடைசி கப்பல் திருகோணமலையை விட்டுக் கிளம்பறதுக்குள்ள அது இருந்த இடம் தெரியலை. இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு கேக்கறவங்க அப்பவும் இருந்தாங்க. இலங்கை ஜனாதிபதி பிரேமதாசாவும் புலிகளும் சேர்ந்து வெளிய போன்னு சொல்ற இடத்துல எந்தப் படையை எத்தனை நாள் வச்சிருப்பீங்க?

சரி, துரோகம். 2022 மார்ச் 23 காலையில ஸ்கூல் திறக்குதுன்னு யூனிஃபார்ம் போட்டுட்டு வந்த பெரிய வகுப்புப் பொண்ணுங்களை தாலிபான் சில மணி நேரத்துல வீட்டுக்கு அனுப்பினாங்க, அந்த வருஷம் டிசம்பர்ல பொண்ணுங்களுக்கு யுனிவர்சிட்டியும் மூடியாச்சு. இதுக்கு வக்காலத்து வாங்க என்னால முடியாது, படை போனதுக்குக் கொடுத்த விலைதான் இது, போனது சரின்னு சொல்ற நானும் அதை முழுங்கித்தான் ஆகணும். ஆனா பழியை 2021 ஆகஸ்ட் காபூல் ஏர்போர்ட்ல தேடாதீங்க. தோஹா ஒப்பந்தத்தை எடுத்துப் படிங்க, சின்ன டாக்குமென்ட்தான், அதுல பொம்பளைங்க உரிமை பத்தி ஒரு வார்த்தை கிடையாது. ஆப்கன் அரசாங்கத்தை அந்த ரூமுக்குள்ளயே விடலை, ஆனா அவங்க ஜெயில்ல இருந்த தாலிபான்ல 5,000 பேர் வரைக்கும் விடணும்னு அவங்க சார்பா அமெரிக்காக்காரங்களே எழுதிக் கொடுத்தாங்க. இன்னும் பின்னாடி போனா 2001 டிசம்பர்ல தாலிபான் தோத்து ஓடிக்கிட்டிருந்தப்போ சரணடையறேன்னு வந்தவங்களோட, புது ஆப்கன் தலைவரா வந்த கர்சாய் பேசினாரு, அமெரிக்க பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் கூடாதுன்னுட்டாரு. பேரம் பேச பலம் இருந்தப்போ பேசலை, கை காலியானப்போ எல்லாத்தையும் கொடுத்தாங்க.

கடைசியா இந்தியா. 2017 செப்டம்பர்ல அமெரிக்க பாதுகாப்பு அமைச்சர் மேட்டிஸ் டெல்லிக்கு வந்தப்போ அவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டே அப்ப நம்ம பாதுகாப்பு அமைச்சரா இருந்த நிர்மலா சீதாராமன் இந்தியப் படை வராதுன்னு பட்டுன்னு சொல்லிட்டாங்க, அந்த அம்மாவோட மத்த விஷயத்துல எனக்கு ஆயிரம் சண்டை உண்டு, இதுல கிடையாது. நாம போட்டது சராஞ்ச் டெலாராம் ரோடு, ஹெராத் பக்கம் சல்மா அணை, காபூல்ல பார்லிமென்ட் கட்டடம். அதே சராஞ்ச்தான் முதல்ல விழுந்த மாகாணத் தலைநகர்ங்கறது வேற விஷயம். 2025 அக்டோபர்ல தாலிபான் வெளியுறவு அமைச்சர் முத்தாக்கி டெல்லிக்கு வந்தாரு, காபூல்ல மறுபடி தூதரகம்னு அறிவிச்சோம். அவரோட முதல் பிரஸ் மீட்ல பெண் நிருபருங்களை உள்ள விடலை, சத்தம் போட்டதும் ரெண்டாவது மீட்டிங்குக்குக் கூப்பிட்டாங்க. அவரைப் பாத்து நாம கேட்டிருக்க வேண்டிய கேள்வி அந்தப் பொண்ணுங்க ஸ்கூலைப் பத்தித்தான், அதுக்குப் படை எதுவும் வேண்டியதில்லை.