தொட்டுச் செபிக்கும் சிலுவைப்பாதை: வாசகர் கேள்விகள்

கேள்வி: தவக்காலத்தில் பங்கு மண்டபத்தில், மக்கள் தொட்டும் சுமந்தும் நடந்தும் செபிக்கும்படி சிலுவைப்பாதை நிலைகளை அமைக்க எங்கள் இளையோர் ஆசைப்படுகிறார்கள். ஒவ்வொரு நிலையிலும் என்ன வைப்பது? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: சிலுவைப்பாதை இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளில் தியானிக்கும் பக்தி. பதினான்கிலும் எதையாவது வைத்தே தீர வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஐந்தாறு நிலைகளில் கைக்கு வேலை கொடுங்கள். மற்றவற்றில் ஒரு சிலுவை, ஒரு வசனம், முழங்காலிட இடம் போதும். எல்லா இடத்திலும் ஏதாவது செய்யச் சொன்னால் 'அடுத்தது என்ன?' என்று மனம் முன்னால் ஓடிவிடும், செபம் பின்தங்கிவிடும். 1, 2, 6, 11, 12, 14 ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறோம்.

முதல் நிலைக்கு ஒரு செம்புத் தண்ணீர், கீழே அகலமான அன்னக்கூடை. ஒருவர் ஊற்ற இன்னொருவர் கை கழுவட்டும். எல்லோரும் ஒரே பாத்திரத்தில் கையை முக்கினால் இருபது பேருக்குள் தண்ணீர் கலங்கிவிடும். ஆளுக்கு 100 மில்லி வைத்தால் 400 பேருக்கு 40 லிட்டர் வேண்டும். டைல்ஸ் தரை வழுக்கும். சாக்கை இரண்டாக மடித்துப் போட்டு, நனைய நனைய மாற்றுங்கள். ஆனால் துடைக்கத் துண்டு வைக்காதீர்கள். இயேசுவைச் சாவுக்குக் கையளித்த பிலாத்துவைப் போலக் கழுவிய அந்த ஈரக் கையோடுதான், இயேசு சிலுவை சுமக்கும் அடுத்த நிலையில் கட்டையைப் பிடிக்க வேண்டும்.

கட்டை காய்ந்த வேம்பாக இருக்கட்டும். நான்கடி நீளத்தில், நாலுக்கு நாலு அங்குலத்தில் அறுத்தால் ஏறக்குறைய 9 கிலோ வரும். தோளில் உறைக்கும், ஆனால் ஆளைச் சாய்க்காது. பச்சை மரம் அதைவிட நிறைய கனக்கும். சிலாம்பு போக உப்புத்தாள் போடுங்கள். வார்னிஷ் பூசாதீர்கள், ஈரக் கையில் நழுவும்.

ஆறாம் நிலைக்கு, அதாவது இயேசுவின் முகத்தைத் துணியால் துடைத்த வெரோணிக்காவுக்கு, கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டும். குயவரிடம் சொல்லி ஒரு சுடுமண் முகம் செய்து வாங்குங்கள். மூக்கு அரை அங்குலத்துக்கு மேல் எழும்பக்கூடாது. எழும்பினால் துணி மூக்கின் மேல் கூடாரம் போல நின்றுவிடும், கண் பதியாது. செம்மண்ணைச் சலித்துத் தோசைமாவுப் பதத்தில் கரைத்து முகத்தில் பூசி வையுங்கள். வருகிறவர் நனைத்துப் பிழிந்த சிறு துணியை அதன்மேல் வைத்து, உள்ளங்கையால் நெற்றியிலிருந்து தாடை வரை ஒருமுறை ஒற்றி எடுக்கட்டும். முதலில் புருவம், பிறகு கன்னம், கடைசியில் உதடு என்று துணியின் பின்பக்கம் செம்மண் ஊறி வருவது கண்ணெதிரே தெரியும். அந்தத் துணியை அவரே வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஆறங்குலச் சதுரமாக 400 துண்டு வெட்ட, 36 அங்குல அகலக் காடாத் துணி 12 மீட்டர் வாங்குங்கள். வெட்டுவதற்கு முன் துவைத்துக் காயப் போடுவது முக்கியம். கடையிலிருந்து வந்தபடி இருந்தால் கஞ்சி தண்ணீரை இழுக்க விடாது, மண்ணும் ஒட்டாது. துவைத்தால் சுருங்கும் என்பதற்காகவே ஒரு மீட்டர் கூட்டிச் சொல்கிறோம். பத்துப் பேருக்கு ஒருமுறை மண்ணைப் புதிதாகப் பூச ஓர் ஆள் வேண்டும்.

இயேசுவைச் சிலுவையில் அறையும் பதினோராம் நிலையில் மாங்கட்டையும் நான்கங்குல ஆணியும் வையுங்கள். வேம்போ புளியோ வைத்தால் ஆணி வளையும். ஆணிகளை நீங்களே அரை அங்குலம் இறக்கி வைத்துவிடுங்கள். வருகிறவர் ஆணியைப் பிடிக்க வேண்டியிராது, விரலும் நசுங்காது. ஆளுக்கு ஒரே அடி. அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்கும். முதல் நிலையில் கை கழுவிக்கொண்டிருப்பவருக்கும் கேட்கட்டும். அதைத் தடுக்க வேண்டாம்.

இயேசு உயிர்விடும் பன்னிரண்டில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. வழிநடத்துபவர் அதைச் சிறு மூடியால் அணைத்துவிட்டு, ஒரு நிமிடம் எதுவும் பேசாமல் நிற்க வேண்டும். ஊதி அணைத்தால் மெழுகு தெறிக்கும். மணல் தட்டில் வைத்து, திரைச்சீலையிலிருந்து மூன்றடியாவது தள்ளி வையுங்கள். கறுப்புத் திரைக்குப் பாலியெஸ்டர் வேண்டாம், தீப்பட்டால் உருகிச் சொட்டும். இருட்டு வேண்டும் என்பதற்காக மண்டபத்தின் இரண்டாவது கதவை ஒருபோதும் பூட்டாதீர்கள்.

பதினான்காம் நிலையான கல்லறைக்கு, உயரமான இரண்டு மேசைகளின் மேல் வெள்ளை வேட்டிகளைப் போர்த்தி, குனிந்து நுழையும்படி அமைத்தால் போதும். இயேசுவின் அடக்கத்துக்கு நிக்கதேம் வெள்ளைப்போளம் என்ற நறுமணப் பிசின் கொண்டுவந்ததாக யோவான் 19:39 சொல்கிறது. அது நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். பொடித்துக் கிண்ணத்தில் வையுங்கள், புகைக்காதீர்கள். அடைந்த இடத்தில் புகை ஆஸ்துமாக்காரர்களைப் படுத்திவிடும்.

கேள்வி: சென்ற ஆண்டு செய்து பார்த்தோம். பாதியில் கூட்டம் தேங்கி, வரிசை கோயில் வாசல்வரை போய்விட்டது. (வாசகர், திண்டுக்கல்)

பதில்: எந்த நிலை மெதுவானதோ அதன் வேகம்தான் பாதை முழுவதற்கும் வேகம். நிலைக்கு 3 நிமிடம், ஐவர் குழு என்று வையுங்கள். மணிக்கு 20 குழு, அதாவது 100 பேர் உள்ளே போகலாம். ஒரு குழு வெளியே வர 42 நிமிடம் ஆகும். 400 பேர் என்றால் மொத்தம் நாலே முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். தேங்குவது பெரும்பாலும் ஆறிலும் பதினொன்றிலும்தான், ஏனென்றால் அங்கே ஒருவர் செய்ய நால்வர் நிற்கிறார்கள். முகம் இரண்டு, ஆணிக்கட்டையும் சுத்தியலும் மூன்று மூன்று வைத்தால் சரியாகும். நேரத்தைக் குறைக்கிறோம் என்று நிலைக்கு ஒன்றரை நிமிடமாக்காதீர்கள். அது பொருட்காட்சி ஆகிவிடும். அதற்குப் பதில் இரண்டு நாள் மாலைவேளைகளாகப் பிரியுங்கள்.

கேள்வி: நிலைக்கு ஒரு கியூஆர் கோடு ஒட்டி, செல்போனில் தியானம் கேட்க வைக்கலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: வேண்டாம். போனை எடுத்தால் திரை வெளிச்சம் இருட்டைக் கெடுக்கும், வாட்ஸ்அப் செய்தியும் கூடவே வரும். ஒலிபெருக்கியும் சரிப்படாது, ஒன்பதாம் நிலையில் நிற்பவருக்கு எட்டும் பத்தும் சேர்ந்து கேட்கும். பெரிய எழுத்தில் ஐந்து வரிக்கு மேல் போகாத அட்டையே நல்லது.

கேள்வி: இதெல்லாம் விளையாட்டாகிவிடாதா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். பரிபூரண பலனும் (பாவத்துக்குரிய தண்டனை முழுவதும் நீங்கத் திருச்சபை தரும் சலுகை) கிடைக்காது என்கிறார்களே? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: அவர்கள் அக்கறையில் நியாயம் இருக்கிறது, அதை மதித்தே செய்ய வேண்டும். ஆனால் சிலுவைப்பாதையே எருசலேமுக்குப் போக முடியாதவர்களுக்காக, அந்தத் தெருக்களை உள்ளூரில் அமைத்துக்கொண்ட பக்திதான். நிலைகளின் எண்ணிக்கை நெடுங்காலம் ஊருக்கு ஊர் மாறியது. 14 என்று நிலைப்படுத்தியவர் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட், 1731இல். அதன்பின் புனித லியோனார்டு என்ற பிரான்சிஸ்கன் துறவி 20 ஆண்டுகளில் 572 இடங்களில் நிலைகளை நிறுவினார். 1750இல் ரோம் கொலோசியத்தில் நிறுவியவரும் அவரே.

பலனைப் பொறுத்தவரை, திருச்சபை கேட்பது முறைப்படி நிறுவப்பட்ட 14 சிலுவைகள், பாடுகளைத் தியானித்தல், ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்கு நகர்தல். கூட்டமாகச் செய்யும்போது எல்லோரும் நகர முடியாவிட்டால் வழிநடத்துபவர் நகர்ந்தால் போதும். ஒப்புரவு, நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம், பாவப்பற்று நீங்குதல் ஆகிய வழக்கமான நிபந்தனைகளும் உண்டு. செம்மண் முகமும் ஆணியும் இதற்குத் தடையல்ல. சிலுவை இல்லாததுதான் தடை. எனவே 14 சிறிய மரச் சிலுவைகளை வைத்து, முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் கேட்டு முறைப்படி நிறுவிக்கொள்ளுங்கள்.

கேள்வி: படங்கள் கட்டாயமா? எங்கள் கிளைப்பங்கில் ஒரே ஒரு சுவர்தான் காலி. (வாசகர், சிவகங்கை)

பதில்: கட்டாயமில்லை. ஒரு சுவரே போதும். பிரான்சில் வான்ஸ் சிற்றாலயத்தில் ஓவியர் மத்தீஸ் 14 நிலைகளையும் ஒரே வெள்ளை டைல்ஸ் சுவரில் கறுப்புக் கோடுகளால் வரைந்து எண்ணிட்டிருக்கிறார். எண்களைப் பிடித்துக் கண்ணே நடக்கிறது. நீங்கள் சுவரில் சிலுவைகளை எண்ணிட்டு மாட்டி, கீழே மேசையில் கட்டை, துணி, ஆணி மூன்றையும் வைத்துக் கைமாற்றுங்கள்.

கேள்வி: வயதானவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள்? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: பாதையை நான்கடி அகலம் விடுங்கள். சரளைக் கல்லைப் பரப்பி வெறுங்காலோடு நடக்கச் சொல்லாதீர்கள். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்குக் குத்துவதே தெரியாது, புண் மறுநாள்தான் தெரியும். கட்டையைத் தூக்க முடியாதவர் மடியில் அதன் ஒரு முனையை வையுங்கள், மறுமுனையை அடுத்தவர் தாங்கட்டும். இயேசுவின் சிலுவையைச் சுமக்க உதவிய சீமோன் செய்ததும் அதைத்தான். கல்லறைக்குள் குனிய முடியாதவர்களுக்குப் பக்கவாட்டுத் துணியை விலக்கி, வெள்ளைப்போளக் கிண்ணத்தை அவர்கள் கையில் கொடுங்கள்.