பால்வீதியின் கறுப்புத் திட்டுகள்

அன்புள்ள அண்ணா,

சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தில் இருக்கும் அல்மா ரேடியோ தொலைநோக்கிகளின் டைம்லாப்ஸ் வீடியோ ஒன்றை நண்பன் அனுப்பினான். மேலே பால்வீதி நகர்கிறது, கீழே அத்தனை தட்டுகளும் ஒரே நொடியில் தலையைத் திருப்புகின்றன. அது உண்மையா, எடிட்டிங்கா? இவை இரவில் மட்டும்தான் வேலை செய்யுமா? அதைப் பார்த்த ஆசையில் ஏப்ரலில் கொல்லிமலையில் நானும் ஒரு இரவு முழுக்க எடுத்தேன், இணைத்திருக்கிறேன். பால்வீதி நடுவே திட்டுத்திட்டாகக் கறுப்பு விழுந்து பார்க்க அசிங்கமாக இருந்தது. அதை மட்டும் எடிட்டிங்கில் வெளுத்துவிட்டேன். எத்தனை விநாடிக்கு ஒரு படம் எடுத்தால் நகர்வு சீராக வரும்?

செல்வா, நாமக்கல்

அன்புள்ள செல்வா,

வீடியோவை மூன்று முறை பார்த்தேன். பலா மரத்துக்குப் பின்னாலிருந்து விருச்சிகம் தலையை நீட்டி மேலேறி வரும் இடம் ரொம்ப அழகு. மலைக்குளிரில் ஒரு ராத்திரி முழுக்க கேமராவுக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறீர்கள், மனசாரப் பாராட்டுகிறேன். பாராட்டிவிட்டுத் திட்டவும் போகிறேன்.

முதலில் சின்னக் கேள்விகள். தட்டுகள் திரும்புவது உண்மைதான். காற்றிலுள்ள நீராவி, வானிலிருந்து வரும் அலைகளைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். அது எவ்வளவு என்று அறிய, இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு குவாசரை (வெகு தொலைவில் புள்ளியாகப் பிரகாசிக்கும் கேலக்ஸி மையம்) அவ்வப்போது எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றன. சில நிமிடத்துக்கு ஒருமுறை நடப்பது வீடியோவில் தலையாட்டல் போலத் தெரிகிறது. பகலிலும் வேலை செய்யும். நம் ஊட்டிப் பக்கம் முத்தொரையில் 1970இலிருந்து நிற்கிறதே, 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி, அதற்கு மூடுபனி ஒரு பொருட்டே இல்லை. அது வாங்கும் அலையின் நீளம் ஏறக்குறைய 92 சென்டிமீட்டர். அல்மா வாங்குவது மில்லிமீட்டர் அலை. நீராவி அதை விழுங்கிவிடும். அதனால்தான் 66 தட்டுகளையும் 5,000 மீட்டர் உயரத்தில், காய்ந்து கிடக்கும் சாக்நந்தோர் மேட்டில் கொண்டுபோய் வைத்தார்கள்.

சரி, அந்தக் கறுப்புக்கு வருவோம். எந்த தைரியத்தில் அதை வெளுத்தீர்கள், தம்பி?

அது லென்சில் படிந்த அழுக்கா? வாயுவும் தூசியும் திரண்ட மேகம் அது. தூசி, பின்னாலுள்ள நட்சத்திரங்களை மறைக்கிறது. உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே 260 டிகிரி குளிர். அந்தக் குளிரில்தான் வாயு ஒடுங்கி, இறுகி, புது நட்சத்திரம் பிறக்கிறது. நம் கண்ணுக்கு ஒன்றுமே காட்டாத அந்த இடம் மில்லிமீட்டர் அலையில் ஒளிர்கிறது. 2014இல் அல்மா எடுத்த ஹெச்எல் டாரி படத்தைத் தேடிப் பாருங்கள். சுமார் 450 ஒளியாண்டு தூரத்தில், தூசிக்குள் புதைந்த ஓர் இளம் நட்சத்திரம். அதைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தூசி, நடுநடுவே இடைவெளி. அங்கே கோள்கள் உருவாகிக்கொண்டிருக்கின்றன என்கிறார்கள். நீங்கள் ரசித்த அந்தத் தட்டுகள் எதைப் பார்க்கத் தவம் கிடக்கின்றனவோ, அதையே உங்கள் படத்திலிருந்து துடைத்துப் போட்டிருக்கிறீர்கள்.

எட்வர்ட் பர்னார்ட் என்று ஒருவர். அமெரிக்காவின் நாஷ்வில்லில் ஏழைப் பிள்ளை. எட்டொன்பது வயதில் போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். படத்தைப் பெரிதாக்க அந்தக் காலத்தில் வெயில்தான் விளக்கு. சூரியன் நகர நகரக் கருவியைத் திருப்பிக்கொண்டே இருப்பது அவர் வேலை. பின்னாளில் அதே பொறுமையோடு பால்வீதியை மணிக்கணக்காகப் படமெடுத்தார். கறுப்புத் திட்டுகளை அவரும் முதலில் வானத்தில் விழுந்த ஓட்டை என்றே நினைத்தார். தான் எடுத்த கண்ணாடித் தகட்டுப் படங்களை வருஷக்கணக்காக உற்றுப் பார்த்துத்தான் மனம் மாறினார். 1919இல் 182 திட்டுகளுக்கு எண் போட்டுப் பட்டியல் வெளியிட்டார். உங்களைப் போலவே வானத்தைப் படம் பிடித்தவர் அவர். அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்களுக்கு இவ்வளவும் தேவைப்படவில்லை. நட்சத்திரங்களைக் கோடு போட்டு இணைப்பது போல, இருட்டுத் திட்டுகளையே உருவங்களாகப் பார்த்தார்கள். பாம்பு, தவளை, நரி, குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய் லாமா (அந்த மலைகளில் வளர்க்கும் ஒட்டக இனத்து விலங்கு). அந்த லாமாவை யக்கானா என்பார்கள். நடுராத்திரியில் யாருக்கும் தெரியாமல் இறங்கிவந்து கடல்நீரைக் குடித்துவிட்டுப் போகுமாம். குடிக்காவிட்டால் உலகம் மூழ்கிவிடும். நானூறு வருடத்துக்கு முன் பெருவின் வாரோச்சிரி மலைப்பகுதியில் எழுதிவைத்த கதை இது. அவர்கள் பால்வீதியை ஆறு என்றார்கள். அதில் கறுப்பாக ஒரு பிராணி நிற்கிறது என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சமே இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் அக்கா மகள் வந்து, அம்மாவின் கல்யாண ஆல்பத்தைக் காட்டுங்கள் மாமா என்றாள். 2004இல் நடந்த கல்யாணம். ஆல்பம் வந்த அன்று ஸ்டூடியோக்காரர் பெருமையாகச் சொன்னார், தனியாகக் காசு வாங்காமலே எல்லார் முகத்திலும் கலர் ஏற்றியிருக்கிறேன் என்று. அக்காவின் கன்னத்து மச்சம் காணோம். பக்கத்தில் நிற்கும் எங்கள் அம்மாவின் முகம் சுண்ணாம்பு அடித்தது போல இருந்தது. அம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது யாருடி, நானா?” என்றாள். வெயிலில் களை எடுத்துக் கறுத்த முகம் அவளுடையது. எனக்குத் தெரிந்து அதைவிட அழகான முகம் இல்லை. மூலப் படங்களைக் கேட்டுப் போனேன். இடம் போதவில்லை, அழித்துவிட்டோம் என்றார்கள். அம்மா இப்போது இல்லை. அவள் நிறத்தில் அவள் இருக்கும் கல்யாணப் படம் எங்களிடம் ஒன்றுகூடக் கிடையாது. அக்கா மகள் அந்தப் படத்தைப் பார்த்து, பாட்டி இவ்வளவு சிவப்பா என்று கேட்டாள்.

அந்த நினைப்பிலேயே இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. ‘அசிங்கம்’ என்று எழுதியிருந்தீர்கள்.

அடுத்த ஏப்ரல் கடைசியில் மறுபடி கொல்லிமலைக்குப் போங்கள். நிலா இல்லாத இரவாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு வாக்கில் தெற்கே, கையை நீட்டி முஷ்டியை இரண்டு அடுக்கு வைத்தால் வரும் உயரத்தில், அருகருகே இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் தெரியும். அவை லாமாவின் கண்கள். அந்தப் பக்கம் வெளிச்சம் போடாத இடமாகத் தேடி உட்காருங்கள்.

இடைவெளி கேட்டிருந்தீர்கள். 25 விநாடிக்கு ஒரு படம் போதும்; ஐந்து மணி நேரத்துக்கு 720 படம், ஓட்டினால் அரை நிமிடம் வரும்.

அது கிடக்கட்டும். இந்த ஏப்ரலில் எடுத்த மூலப் படங்களை அழித்துவிடவில்லையே? இருந்தால் ஒன்றே ஒன்றை, கை வைக்காமல், எனக்கு அனுப்புங்கள்.