அரசிடம் பணம் கேட்டவர்களின் சாட்சியத்தை யார் எழுதி வாங்கினார்கள்?

கேள்வி: அமெரிக்கக் காங்கிரஸில் தனிநபர்கள் அரசிடம் இழப்பீடு கேட்டு மனு போட்ட காலத்தில், சாட்சிகளை எப்படி விசாரித்தார்கள்?

தொடக்க காலத்தில் விசாரணை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. 1794-இல் பிரதிநிதிகள் சபை இதற்கென்று ஒரு குழு அமைத்தது. மனுதாரர் தன் ஊரிலேயே சத்தியப் பிரமாணம் எழுதி மனுவோடு கட்டி அனுப்புவார். அரசுத் தரப்பில் குறுக்கு விசாரணை செய்ய ஆள் கிடையாது. நான் நில எடுப்பு இழப்பீட்டு வழக்குகள் பார்க்கிறவன். குறுக்கு விசாரணை இல்லாத பிரமாணப் பத்திரத்தை வைத்துத் தொகையை முடிவுசெய் என்றால் எனக்குக் கை வராது. கட்டுக்கட்டாக வந்த இந்த மனுக்களைப் பார்த்து முன்னாள் அதிபரும் அப்போது சபை உறுப்பினருமான ஜான் குவின்சி ஆடம்ஸ் 1832-இலேயே தன் நாட்குறிப்பில் புலம்பியிருக்கிறார்: காங்கிரஸின் பாதி நேரம் இதிலேயே போகிறதாம், நீதி வழங்க இப்படி ஒரு சபையைவிட மோசமான இடம் இல்லையாம். 1855-இல், அரசிடம் பணம் கேட்கும் வழக்குகளுக்கென்றே கோரிக்கை நீதிமன்றம் வந்தது. முதல் சில ஆண்டுகள் அதுவும் காங்கிரஸுக்கு அறிக்கை அனுப்பியதோடு சரி.

சாட்சியத்தை முறையாகத் திரட்டியது எப்படி என்று பார்க்க வேண்டுமானால், 1871-இல் அமைத்த தெற்குக் கோரிக்கை ஆணையத்தைப் பாருங்கள். தெற்கு மாநிலங்கள் நாட்டைவிட்டுப் பிரிந்துபோனதால் மூண்ட உள்நாட்டுப் போரில் (1861–65), வடக்குப் படை, அதாவது அமெரிக்க அரசின் படை, தெற்கத்திக்காரர்களிடமிருந்து எடுத்த தானியம், குதிரை, பன்றி இறைச்சிக்குப் பணம் கொடுக்கலாம். ஆனால் கேட்பவர் போர் முழுக்க வடக்குக்கு விசுவாசமாக இருந்திருக்க வேண்டும். மூன்று ஆணையர்கள் வாஷிங்டனில் உட்கார்ந்து முடிவெடுத்துச் சபைக்கு அறிக்கை அனுப்பினார்கள். 10,000 டாலருக்கு மேல் கேட்டவர் அங்கேயே போய்ச் சாட்சி சொல்ல வேண்டும் என்பது விதி. மற்றவர்களிடம் அந்தந்த ஊர்ப் பக்கம் இருந்த சிறப்பு ஆணையர்கள், அச்சடித்த கேள்விப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்கள். பிரிவினைக்கு ஓட்டு போட்டாயா, உறவுக்காரர் யாராவது எதிர்ப்படையில் இருந்தார்களா, அவர்களுக்கு நீ ஏதாவது கொடுத்தாயா?

அதன் பிறகுதான் சோளத்துக்கே வருவார்கள். எடுத்ததைக் கண்ணால் பார்த்தாயா, அதிகாரி நின்றாரா, ரசீது கேட்டாயா, வண்டியில் ஏற்றி எந்தப் பக்கம் போனார்கள்? வேலிக் கட்டையைப் பிடுங்கி முகாமில் எரித்தால் அது படைக்கான விறகு, காசு உண்டு. துணிமணி, சமையல் பாத்திரத்தை அள்ளிப் போனால் அது கொள்ளை, காசில்லை. சாட்சி அதிகாரி நின்றதைச் சொன்னாரா இல்லையா என்பதில் ஒரு குடும்பத்தின் பணமே தொங்கியது.

சாட்சியை அப்படியே நம்பிவிடவும் இல்லை. கைப்பற்றிய தெற்கத்தி அரசின் ஆவணங்கள் வாஷிங்டனில் இருந்தன. அதில் மனுதாரர் பெயர் இருக்கிறதா என்று தேடுவார்கள். அந்த அரசுக்குத் தானியம் விற்ற சீட்டு அகப்பட்டால் போச்சு. எத்தனை பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னாலும் எடுபடாது.

எனக்கு மிகவும் பிடித்தது ஜார்ஜியாவின் லிபர்ட்டி கவுன்ட்டி மனுக்கள். 1864 டிசம்பரில் வடக்குத் தளபதி ஷெர்மனின் படை அங்கே புகுந்து எடுத்துப்போனவற்றில் அடிமைகளாக இருந்தவர்களின் பன்றி, குதிரை, சோளமும் உண்டு. சட்டப்படி அவர்களுக்குச் சொத்தே கிடையாது. பிறகு எப்படி இழப்பு? அந்தக் கடலோரப் பண்ணைகளில் அன்றைக்கு அளந்து விட்ட வேலையை முடித்துவிட்டால் மிச்ச நேரம் அவரவருடையது. அந்த நேரத்தில் உழைத்துச் சேர்த்தோம் என்று சாட்சி சொன்னார்கள். இவர்களிடம் விசுவாசத்தை ஆணையம் அதிகம் சந்தேகிக்கவில்லை. பொருள் உன்னுடையதா, உன் எஜமானருடையதா என்றுதான் துருவியது. அதனால் கூட வேலை செய்தவர்கள், உறவினர்கள், சில மனுக்களில் முன்னாள் எஜமானர் குடும்பத்து ஆட்களே வந்து, ‘அது அவனுடையதுதான்’ என்று சொல்ல வேண்டியிருந்தது. வேறு எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பேச்சு இவ்வளவு நீளமாகக் கிடைப்பது அபூர்வம்.

மொத்தம் 22,298 மனுக்கள், கேட்டது 6 கோடி டாலருக்கு மேல், கொடுத்தது சுமார் 46 லட்சம். கடுமை அதிகம் என்றுதான் நான் நினைக்கிறேன். 1880-இல் ஆணையத்தை மூடினார்கள். 1883-இன் போமன் சட்டத்துக்குப் பிறகு, சபைக் குழுக்கள் இத்தகைய மனுக்களைக் கோரிக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பி உண்மை நிலவரத்தைக் கேட்டுப் பெறலாம் என்றானது. அங்கேயும் முதலில் முடிவு செய்ய வேண்டியது விசுவாசம்தான். அதில் தோற்றால் மனு அத்தோடு தள்ளுபடி.