பொறிப்பு அழியாமல் சவரக் கத்தியை மெருகேற்றலாமா?

கேள்வி: தாத்தாவின் மடக்குச் சவரக் கத்தி கைக்கு வந்திருக்கிறது. அலகில் பாய்மரக் கப்பல் பொறித்திருக்கிறது, மேலே பழுப்புக் கறை. உப்புத்தாளால் தேய்க்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அந்தக் கப்பல் உளியால் வெட்டியதல்ல. எஃகின்மேல் மெழுகு போன்ற பூச்சைத் தடவி, திறந்துவிட்ட இடங்களை மட்டும் அமிலத்தால் அரிக்கவைத்த வேலை அது. ஆழம் பெரும்பாலும் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. பி 400 எண் உப்புத்தாளின் துகளோ சுமார் 35 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 35 பங்கு. நாலைந்து இழுப்பில் பாய்மரக் கயிறுகள் மங்கிவிடும்.

முதலில் கூர் விளிம்பின் மீது காகித டேப் ஒட்டுங்கள். அது உங்கள் விரலுக்கும் நல்லது, கூருக்கும் நல்லது. கறையின் மேல் தையல் எந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஓர் இரவு வைத்துத் துடையுங்கள். பல நேரம் பாதிக் கறை இதிலேயே போய்விடும்.

மிச்சத்துக்கு மெட்டல் பாலிஷ் போதும். ஆனால் எதை வைத்துத் தேய்க்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விரலில் துணியைச் சுற்றித் தேய்த்தால் விரலின் சதை பள்ளத்துக்குள் இறங்கும், கோட்டின் ஓரம் உருண்டுபோகும். அலகின் குழிவுக்குப் பொருந்தும் உருளை மரக்குச்சி ஒன்றை எடுத்து, மெல்லிய பருத்தித் துணியை ஒரே சுற்று சுற்றி, அதில் பாலிஷைத் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். கடினமான அடித்தளம் மேட்டின் மேல் மட்டும் நகரும், பள்ளத்தைத் தொடாது. முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, ஒரே திசையில் போங்கள். பத்து இழுப்புக்கு ஒருமுறை துடைத்துவிட்டுப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கோட்டுக்குள் கருமை அப்படியே இருந்து, சுற்றிலும் எஃகு தெளிந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

கேள்வி: என் கத்தியில் படத்துக்குள் தங்க நிறம் இருக்கிறது. அதையும் பளபளக்க வைக்க முடியுமா?

பதில்: முடியாது. அது மிக மெல்லிய தங்கப் பூச்சு. பாலிஷ் பட்டால் துணியோடு வந்துவிடும். மென்சோப்பு கலந்த நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்து, உடனே உலர்த்துங்கள். பாதி தேய்ந்த பூச்சை எனக்குப் பார்க்கப் பிடிக்கும். எத்தனையோ காலைகளின் உழைப்பு அதில் தெரிகிறது.

கேள்வி: வினிகரில் ஊறவைத்தால் துரு போகும் என்கிறார்களே?

பதில்: துரு போகும். அதோடு படத்தைக் கண்ணுக்குக் காட்டும் கருமையும் போய்விடும், எஃகும் சாம்பல் பூத்துவிடும். பொறிப்புள்ள கத்திக்கு எந்த அமிலமும் வேண்டாம்.

கேள்வி: மோட்டாரில் பஞ்சுச் சக்கரம் மாட்டி மெருகேற்றலாமா?

பதில்: கூடவே கூடாது. மென்மையான சக்கரம் பள்ளத்துக்குள் புகுந்து வரிகளை மழுக்கும். அலகைப் பிடுங்கி எறிவதும் உண்டு. குழிவாகச் சாணை பிடித்த அலகு விளிம்பருகே காகிதம்போல் இருப்பதால் நொடியில் சூடேறும். கார்பன் எஃகில் வைக்கோல் நிறம் தெரிந்தால் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது. நீலம் தெரிந்தால் ஏறத்தாழ 300. அதன்பின் அந்த இடத்தில் கூர் நிற்காது.

கேள்வி: படத்தின் நடுவிலேயே துருக் குழிகள். என்ன செய்வது?

பதில்: வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். செம்பழுப்புத் தூள் ஒட்டினால் துரு இன்னும் உயிரோடு இருக்கிறது. எண்ணெயில் நனைத்த கூரான மூங்கில் குச்சியால் குழிக்குள் மட்டும் சுரண்டுங்கள். துணி சுத்தமாக வந்து, குழி கறுப்பாகவே நின்றால் விட்டுவிடுங்கள். குழியை அழிக்க அதன் ஆழம் வரை சுற்றிலும் எஃகைக் குறைக்க வேண்டும். குழி பொறிப்பைவிட ஆழமென்றால் படம் மிஞ்சாது. என்னிடம் வந்த, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் செய்த பழைய கத்தி ஒன்றில் மிளகளவுக் குழிக்காக ஒரு மாலை முழுவதும் தேய்த்தேன். குழி போனது, அதன் பக்கத்தில் இருந்த குதிரையின் முன்கால்களும் போயின. இன்றும் அதை எடுத்துப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

கேள்வி: மெருகேற்றியபின் எப்படி வைப்பது?

பதில்: மினரல் எண்ணெயை மெல்லிதாகத் தடவுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும். கைப்பிடி செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக் என்றால் மூடிய பெட்டியில் வைக்காதீர்கள். அது சிதையும்போது வெளிவிடும் அமில ஆவி, நீங்கள் காப்பாற்றிய அலகையே மறுபடி துருப்பிடிக்க வைக்கும்.