கிறிஸ் பெல்லின் இசைத்தட்டு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் பிக் ஸ்டார் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவைப் பற்றி எழுதிய கட்டுரையில், அதிலிருந்து விலகிய கிறிஸ் பெல் தனியாக வெளியிட்ட ‘ஐ ஆம் தி காஸ்மோஸ்’ இசைத்தட்டை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். அதே பெயரிலுள்ள ஆல்பத்தைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். பிடித்திருந்தது, ஆனாலும் ஓர் ஐயம். இருபத்தேழு வயதில் விபத்தில் இறந்தவர் என்பதால்தான் இப்பாட்டு இவ்வளவு கொண்டாடப்படுகிறதோ? நல்ல பாட்டென்றால் வெளிவந்தபோதே ஏன் கவனிக்கப்படவில்லை? ஆல்பம் இருக்க, அந்தச் சிறு தட்டை ஏன் குறிப்பிட்டீர்கள்?

க., திருச்சி

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் கேட்ட ஆல்பம் வெளிவந்தது 1992இல். பெல் இறந்தது 1978 டிசம்பர் 27 அன்று. எஞ்சிய ஒலிநாடாக்களிலிருந்து பிறர் தொகுத்தது அது. 1978இல் வந்த ஏழங்குலத் தட்டு அப்படியல்ல. தனிக் கலைஞராக அவர் தம் வாழ்நாளில் வெளியிட்டது அது ஒன்றுதான். ஒரு பக்கம் ‘ஐ ஆம் தி காஸ்மோஸ்’, மறுபக்கம் ‘யூ அண்ட் யுவர் சிஸ்டர்’. ஆல்பத்தில் இவை பல பாடல்களுக்கிடையே இரண்டாகக் கரைந்துவிடுகின்றன. தட்டில் ஒன்றுக்கு ஒன்று மறுமொழியாக நிற்கின்றன.

முதற்பக்கத்தில், தானே பிரபஞ்சம், தானே காற்று என்று ஒவ்வோர் இரவும் தனக்குத்தானே சொல்லிக்கொள்பவன், அப்படிச் சொல்லிக்கொள்வதால் நீ திரும்பி வரப்போவதில்லை என்று அடுத்த மூச்சிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறான். கிதார்கள் கனத்து ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. குரலோ அவற்றின்மீது ஏறி நிற்கவில்லை, பாதி மூழ்கியபடி வருகிறது. மீண்டும் உன்னைப் பார்க்க வேண்டும் என்ற எளிய ஆசையையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பாட்டு தேய்ந்து மறைகிறது. தட்டைத் திருப்பினால் அந்த இரைச்சல் எதுவும் இல்லை. விரலால் மீட்டும் அக்கூஸ்டிக் கிதார், மெல்லிய வயலின்கள், கூடவே உயரத்திலிருந்து இன்னொரு குரல். அக்குரல் அலெக்ஸ் சில்ட்டனுடையது. பிக் ஸ்டாரில் பெல்லோடு சேர்ந்து பாடல்களை எழுதியவர், பெல் விலகிய பிறகு குழுவைத் தொடர்ந்து நடத்தியவர். பிரிந்துபோன இருவர் மூன்று நிமிடங்கள் சேர்ந்து பாடுகிறார்கள் என்பது தெரியாவிட்டாலும் அப்பாடல் அழகானதுதான். தெரிந்தபின் அந்த இரண்டாம் குரலை விட்டுக் காது நகர மறுக்கிறது.

கவனிக்கப்படாமல் போனதற்கு இசை காரணமல்ல. 1972இல் வந்த பிக் ஸ்டாரின் முதல் ஆல்பத்தை விமர்சகர்கள் பாராட்டினார்கள். படித்துவிட்டுக் கடைக்குப் போனால் தட்டு கிடைக்காது. விநியோகப் பொறுப்பிலிருந்த ஸ்டாக்ஸ் நிறுவனத்தால் அதைக் கடைகளுக்குக் கொண்டுசேர்க்க இயலவில்லை. அந்த ஏமாற்றத்தில் அவ்வாண்டு முடிவதற்குள் பெல் விலகினார். ‘காஸ்மோஸ்’ பாடலை மெம்ஃபிஸில் பதிவு செய்து, லண்டனுக்குக் கொண்டுபோய், பீட்டில்ஸின் ஒலிப்பதிவாளராக இருந்த ஜெஃப் எமெரிக்கிடம் ஒலிக்கலவையை ஒப்படைத்தார். இதெல்லாம் எழுபதுகளின் நடுவிலேயே முடிந்துவிட்டது. ஆனால் பெரிய நிறுவனம் எதுவும் முன்வரவில்லை. இறுதியில் கிறிஸ் ஸ்டேமி என்ற இளம் இசைக்கலைஞர் நடத்திய கார் ரெக்கார்ட்ஸ் என்ற மிகச் சிறிய நிறுவனம்தான் அதை வெளியிட்டது. அதற்குள் பெல் மெம்ஃபிஸில் தம் குடும்பத்தாரின் உணவகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரமோ விநியோகமோ இல்லாத ஒரு தட்டை மக்கள் பொருட்படுத்தவில்லை என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்? அது அவர்கள் கைக்கே போகவில்லையே.

மரணத்தைப் பற்றிய உங்கள் ஐயத்தை நான் முழுதாகத் தள்ளிவிடவில்லை. இளம் வயதில் இறந்த பாடகர்களைச் சுற்றி ஒரு வாணிபம் நடக்கிறது. எனக்கும் அது ஒவ்வாதது. ஆனால் இப்பாட்டு சாவை எதிர்நோக்கிப் பாடப்பட்டதன்று. அதைப் பதிவு செய்தபோது அவருக்கு இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. பாட்டில் இருப்பது பிரிவு மட்டுமே. மேலும், ஆல்பம் வருவதற்கு ஓராண்டு முன்பே, 1991இல், திஸ் மார்ட்டல் காயில் என்ற பிரிட்டிஷ் இசைத்திட்டம் தன் ஆல்பம் ஒன்றில் இத்தட்டின் இரு பாடல்களையும் மீண்டும் பாடவைத்துப் பதிவு செய்திருக்கிறது. பெல்லின் பெயரைச் சொன்னால் மேலைநாட்டிலேயே பெரும்பாலோர் யாரென்று கேட்டிருக்கக்கூடிய காலம் அது. இறந்தவரின் புகழுக்காக அவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அசல் தட்டு என்னிடமும் இல்லை. நானும் முதலில் கேட்டது குறுந்தகட்டில்தான். ஆகவே உங்களுக்கு ஒரு யோசனை. அந்த ஆல்பத்தில் ‘காஸ்மோஸ்’ மெதுவான வடிவத்திலும் தனியாக இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். முதலில் வரும் வடிவத்தை மட்டும் கேளுங்கள். முடிந்ததும் நிறுத்திவிட்டு, ஒரு தட்டைத் திருப்பி வைத்து ஊசியை இறக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் கழித்து ‘யூ அண்ட் யுவர் சிஸ்டர்’ பாடலை ஓடவிடுங்கள். பிறகும் ஐயம் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்