நாய்க்கு முதுகு வலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வராமல் தடுக்க முடியுமா?

எங்கள் சுண்டுவுக்கு முதுகு வலி வந்தபோது நாங்கள் மூன்று நாள் வயிற்று வலிக்கு வைத்தியம் பார்த்தோம். அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் தகுதி உண்டு.

சுண்டு ஒரு டாக்ஸண்ட், நீள உடம்பும் குட்டைக் காலுமான இனம். கானாடுகாத்தானில் பழைய வீடு. திண்ணையிலிருந்து ஒரே தாவாகத் தெருவில் குதிக்கிறவன், அன்று விளிம்பில் நின்று கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான். முதுகு கூன் போட்டிருந்தது, உடம்பில் லேசான நடுக்கம். வயிற்றைத் தொட்டால் கல் மாதிரி இருந்தது. "நேத்து வடை தின்னான்ல, அதான்" என்று அப்பத்தா ஓமத் தண்ணீர் புகட்டினார்கள். மூன்றாம் நாள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன், வீலென்று கத்தினான்.

முதுகு வலிக்கிற நாய் முதுகை அசைக்காமலிருக்க வயிற்றுத் தசையை இறுக்கிப் பிடிக்கும். ஏமாறுவது அங்கேதான்.

மருத்துவர் அவன் பின்னங்கால் பாதத்தை மடக்கி, மேல்பக்கம் தரையில் படும்படி வைத்தார். நல்ல நாய் சட்டென்று திருப்பி வைத்துவிடும். இவன் இரண்டு விநாடி அப்படியே நின்றான். தண்டுவடம் அமுங்குகிறது என்றார். டாக்ஸண்ட், பீகிள் போன்ற இனங்களுக்கு முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு சின்ன வயதிலேயே கெட்டிப்பட்டுவிடும். 3 முதல் 7 வயதுக்குள் பிதுங்குவது சகஜம். சுண்டுவுக்கு 5.

மருந்து, கூடவே 6 வாரம் கூண்டு ஓய்வு. அதுதான் கஷ்டம். வலி குறைந்ததும் நாலாம் நாளே துள்ள ஆரம்பித்தான். வட்டு ஆறியிருக்காது, விடக்கூடாது. நம் பாராசிட்டமால், இபுபுரூஃபன் எதையும் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு ஆபத்து. பின்னங்கால் இழுபட்டாலோ சிறுநீர் போக முடியாவிட்டாலோ "நாளைக்குப் பார்ப்போம்" கூடாது. பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளியும் உணர்வே இல்லையென்றால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. அறுவை சிகிச்சை செய்யும் இடத்துக்கே போய்விடுங்கள்.

தடுப்பது? இனத்தின் கோளாறை நாம் மாற்ற முடியாது, வீட்டை மாற்றலாம். எங்கள் வீட்டுத் தரை ஆத்தங்குடி கல். அதைக் கண்ணாடி மேல்தான் வார்க்கிறார்கள், அந்த வழவழப்பு அப்படியே தரைக்கு வந்துவிடும். போதாததற்கு நாங்கள் தேங்காய் எண்ணெய் தொட்டு வேறு துடைப்போம். திரும்பும்போதெல்லாம் சுண்டுவின் பின்னங்கால் வழுக்கும். இப்போது வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், அவன் ஓடும் வழியெல்லாம் கயிற்றுப் பாய். திண்ணைக்குச் சாக்கு அடித்த ஒரு சாய்வுப் பலகை. நகம், பாதத்து முடி இரண்டையும் வெட்டிவிடுகிறோம். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை. தூக்கினால் ஒரு கை மார்புக்கடியில், ஒரு கை பின்பக்கத்துக்கடியில், முதுகு தொங்காமல்.

அப்புறம் எடை. தடவினால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். பலகை, பாய் எல்லாவற்றுக்கும் சரியென்ற அப்பத்தா இதற்கு மட்டும் மசியவில்லை. "பிள்ளை இளைச்சுப் போச்சு" என்று இன்றைக்கும் முந்தானைக்குள் ஒரு பணியாரம் இருக்கிறது.